பத்தொன்பது குழாய் முக்காலி

தம்பி,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. வாயைத் திறந்தபடியே விட்டிருக்கிறேன். உன்னோடு தங்கியிருக்கும் நண்பர்கள் எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் கட்டாயம் படிக்கவேண்டும். அவளுக்காகத்தான், உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். ஒட்டி ஒட்டி மூடி வைத்தே நாற்பத்தாறு வயதுக்கு வந்துவிட்டேன். இனி முடியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாயே, "அம்மா, பொண்ணு வீட்டுல பெரியம்மாவப் பத்திக் கேட்டா யாருன்னு சொல்லணும்? நீங்க எப்படிச் சொல்லச் சொல்றீங்களோ அப்படியே சொல்லிடுறேன்" என்று. உன் குரலில் ஒரு துளி குத்தல் இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஊருக்கு வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாய். நான் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அதை நீயும் சொல்லத் தயார். அப்படி உன்னைப் பழக்கியது நான்தான். "அப்புறம் சொல்றேன் தம்பி" என்று போனை வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டு, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன். இந்தக் கடிதம்தான் அந்த "அப்புறம்".

நீ பன்னிரண்டாவது முடித்த கோடை. விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாத்திரக்கடை மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் கணக்கு எழுதுகிற மென்பொருள் படிக்கப் போனபோது நீ மட்டும் முப்பரிமாணத்தில் பொருள்களைச் செய்கிற வகுப்பில் சேர்ந்தாய். மொத்தம் நான்கே பேர். உங்கள் சார் வைத்த சட்டம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கனசதுரம், உருளை, கூம்பு, கோளம். முதல் இரண்டு மாதம் இந்த நான்கைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. இழுக்கலாம், வெட்டலாம், குடையலாம், வளைக்கலாம். கடைசியில் ஒரு வீட்டில் புழங்குகிற பொருளாக அது மாறியிருக்கவேண்டும். முதல் வாரம் நீ ஒரு காகிதத்தை நீட்டி, "இது என்ன சொல்லுங்க" என்றாய். "டம்ளர்" என்றேன். "இல்லம்மா, ரெண்டு சிலிண்டர். பெருசுக்குள்ள சின்னத விட்டு, சின்னதக் கழிச்சிட்டேன். மிச்சந்தான் டம்ளர்" என்று சிரித்தாய். அதன் பிறகு என் சமையலறையில் உனக்குப் பாத்திரமே தெரியவில்லை. குக்கர் ஒரு உருளை, மூடி கோளத்தில் ஒரு துண்டு, புனல் நுனி வெட்டிய கூம்பு. நான் கணிதப் பட்டதாரி என்ற தோரணையில் கூம்பின் கன அளவுக்குச் சூத்திரம் சொல்லிக் கொடுக்க வந்தேன். "அம்மா, இதுக்குச் சூத்திரம் வேணாம், கை வேணும்" என்று என்னை அடுப்படிக்கே விரட்டினாய்.

நாம் வாங்கிய பழைய கணினி உனக்கு ஈடுகொடுக்கவில்லை. ஒரு நாற்காலிக்கு நிழல் விழவைக்க அரை நாள் எடுத்துக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனால் நாற்காலிக்கு இரண்டு கால் போய்விடும். கோபத்தில் நீ சாப்பிடாமல் இருந்த நாள்கள் உண்டு. ஆனால் கூம்பிலிருந்து விளக்குக்கு ஒரு மூடி செய்தாய், கோளத்தைப் பாதியாக்கி ஊறுகாய்க் கிண்ணம் செய்தாய், கனசதுரத்தின் முகங்களைத் தள்ளித் தள்ளிப் புத்தக அலமாரி செய்தாய். உருளையில்தான் மாட்டிக்கொண்டாய். நிறைய உருளைகளைச் சேர்த்து நிறுத்தி, உட்காருகிற முக்காலி ஒன்று செய்யவேண்டும் என்பது உன் ஆசை. வரிசை வரிசையாக அடுக்கினாய். இடையில் சந்து விழுந்தது. ஒன்றை நெருக்கினால் இன்னொன்று விலகியது. இரண்டு நாள் நீ திரையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த நான், யோசிக்காமல் உன் ஸ்கெட்ச் பேனாக்களை அள்ளினேன். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு. ரப்பர் வளையம் போட்டு நிறுத்தினேன். அசையவில்லை. கையால் தட்டிக் காட்டினேன். நீ வாயைப் பிளந்து, "எப்படிம்மா? கண்ண மூடிக்கிட்டுச் செய்ற மாதிரிச் செய்றீங்க?" என்றாய்.

"காலேஜ்ல ஜியாமெட்ரியில படிச்சது" என்றேன்.

அது பொய் என்று நீ இப்போது அறிவாய். அன்று அறியவில்லை. நீ கட்டிக்கொள்ளப்போகிறவளுக்காகச் சொல்கிறேன். நான் அச்சங்குளத்தில் பிறந்தவள். அப்பா கரிசல் காட்டில் கூலி. மழை ஏமாற்றிய ஒரு வருடத்தில் குடும்பமே பட்டாசு வேலைக்கு வந்தது. என் அக்கா மாரியம்மாள், அதாவது உன் பெரியம்மா, என்னைவிட ஐந்து வயது மூத்தவள். வீட்டிலேயே பேப்பர் குழாய் உருட்டுவோம். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, மேலே பலகையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினால் குழாய் ஆகிவிடும். அக்கா உருட்டுவாள், நான் அடுக்குவேன். பிறகு ஆலையில் மருந்து அடைப்பதற்காக, இரும்பு வளையத்துக்குள் ஒன்றுகூட ஆடாமல் நெருக்கி அடுக்கவேண்டும். "நடுவுல ஒண்ணு, அதச் சுத்தி ஆறு, ஆறச் சுத்திப் பன்னெண்டு" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கு அப்போது ஆறு வயது. ஏழும் பத்தொன்பதும் முப்பத்தேழும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே என் விரல்களுக்குத் தெரியும்.

எனக்குப் படிப்பு வருகிறது என்று வாத்தியார் வந்து சொன்னபோது அப்பா, "அப்ப அடுக்குறது யாரு?" என்று கேட்டார். அக்காதான் பதில் சொன்னாள். "அவ பங்கயும் நானே பாத்துக்கிடுறேன். ஒருத்தியாச்சும் வெள்ளக் கையோட திரியட்டும்." அவள் கை அப்போதே வெள்ளையாகத்தான் இருந்தது, வேறு விதத்தில். பட்டாசு ஆலையில் மருந்தோடு கலக்கிற வெள்ளிப் பொடி படிந்து முழங்கை வரை மினுங்கும். சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் நிற்கும். அந்தக் கைதான் என்னைப் பி.எஸ்ஸி. வரை கொண்டுபோனது. கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம், பக்கத்துக் கட்டில்காரி, "உங்க அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டாள். சிவகாசிப் பக்கம் என்றதும் அவளே, "அச்சாபீஸா?" என்றாள். நான் "ஆமா" என்றேன். நானாகப் பொய்யை உண்டாக்கவில்லை, அவள் நீட்டியதை வாங்கிக்கொண்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த "ஆமா" பிறகு சூலக்கரையில் நான் வேலைக்குச் சேர்ந்த அரசு அலுவலகத்துக்கும் என்னோடு வந்தது. அங்கே நான் அச்சாபீஸ் வைத்திருந்தவர் மகள். ஒரு முறை அக்கா ஏதோ மனு விஷயமாக அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரர் யார் என்று கேட்க, "எங்க ஊர்க்காரங்க" என்றேன். அக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. போகும்போது மட்டும், "வரேம்மா" என்று அந்நியரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். "எம்புட்டு நாளைக்குத்தான் கூடப்பிறந்தவள ஊர்க்காரின்னு சொல்லுவ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் இரண்டு நாள் பேசாமல் இருந்ததில் அவரும் விட்டுவிட்டார்.

நீ அந்தக் கோடையில் பெரியம்மா வீட்டுக்குப் போய் நான்கு நாள் இருந்தாய். ஸ்கெட்ச் பேனா விஷயத்தைச் சொல்லியிருக்கிறாய். அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். "காலேஜ்லயா? ஏலே, உங்கம்மா ஆறு வயசுல அடுக்குன வளையத்த நான் தலைகீழாக் கவுத்தாலும் ஒரு குழாய் விழாதுலே." நீ திரும்பி வந்தபோது உன் முகத்தில் ஒரு பூரிப்பு. நான் அதை வெயிலில் சுற்றிய களை என்று நினைத்தேன். என்னிடம் நீ ஒன்றும் கேட்கவில்லை. ரகசியமாக முக்காலியை முடித்தாய். பத்தொன்பது குழாய். நடுவில் இருப்பது கொஞ்சம் தாழ்ந்து, சுற்றியுள்ளவை மெல்ல உயர்ந்து, உட்கார்ந்தால் ஏந்திக்கொள்கிற மாதிரி ஒரு குழிவு. வெளிவட்டத்துப் பன்னிரண்டில் மூன்று மட்டும் நீண்டு கீழே இறங்கிக் கால்களாக நின்றன. நான் கணக்குப் படித்தவள், தம்பி. அவ்வளவு அழகான ஒரு விடையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

சென்டரின் கண்காட்சி. ஒரு கல்யாண மண்டபத்தில் மேசை போட்டு வைத்திருந்தார்கள். தலைமை விருந்தினர் என் அலுவலக அதிகாரி. வெளியூரிலிருந்து வடிவமைப்புக் கல்லூரி ஆசிரியை ஒருவர் மதிப்பிட வந்திருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் நுழைவுத் தேர்வுக்கு அவரே பயிற்சி கொடுத்துச் சேர்த்துவிடுவார் என்று உன் சார் சொல்லியிருந்தார். நீ அந்த ஒரு மாதமும் அதைப் பற்றியேதான் பேசினாய். நான் அதிகாரிக்குக் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே உன் மேசைப் பக்கம் வந்தேன். திரையில் முக்காலி சுழன்றுகொண்டிருந்தது. அதன் கீழே உன் கையெழுத்தில் ஒரு அட்டை: "என் அம்மாவும் பெரியம்மாவும் சிறு வயதில் பட்டாசுக் குழாய் அடுக்கிய முறையிலிருந்து இந்த வடிவம் பிறந்தது. இது அவர்களுக்கு."

நான் படித்து முடிப்பதற்குள் அதிகாரி படித்துவிட்டார். "என்னம்மா இது, நீங்க பட்டாசு வேலை பாத்தீங்களா?" அவர் கேட்டதில் கேலி இல்லை, வியப்புத்தான். அந்த மாதம் என் மேசையில் இருந்த கோப்புகள் என்ன தெரியுமா? வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வறிக்கைகள். "இத்தகைய குடும்பங்களில்" என்று தொடங்கும் வரிகளை நானே தட்டச்சு செய்து அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன். இப்போது அந்த இத்தகைய குடும்பம் காபித் தட்டோடு அவர் முன்னால் நின்றது. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. "ஐயோ, இல்ல சார். எங்க அப்பா அச்சாபீஸ் வச்சிருந்தாரு. பையன் எதையோ படிச்சிட்டுக் கதை எழுதியிருக்கான்."

அந்த ஆசிரியை உன் பக்கம் திரும்பினார். "கதையா? நீ இத உண்மைன்னுதானே எழுதியிருக்க?" நீ என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று தெரியவில்லை. நான் உன் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல அருகில் வந்தேன். நீ அவரிடம் சொன்னாய். "கற்பனைதான் மேடம்."

அப்போதுதான் மண்டப வாசல் பக்கம் பார்த்தேன். பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் இருந்த ஒரே நல்ல சேலை, அரக்குக் கலர். கையில் ஒரு துணிப்பை. முக்காலியின் பக்கத்தில் நிஜக் குழாய்களை அடுக்கிக் காட்டவேண்டும் என்று நீ கேட்டிருக்கிறாய். வெறும் காகிதத்தில் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எல்லாம் கேட்டுவிட்டாள். அதிகாரி அவளைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார். நான் வாயைத் திறக்க அவகாசம் இருந்தது, தம்பி. நன்றாக இருந்தது. திறக்கவில்லை. அவளே சொன்னாள். "நான் சாமான் கொண்டாந்த பொம்பளைங்க. தம்பி கேட்டாக, குடுத்துட்டுப் போக வந்தேன்." பையை மேசைக்கு அடியில் வைத்தாள். உன் கன்னத்தைத் தொடக் கையைத் தூக்கி, தொடாமல் இறக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

ஆசிரியை உன்னிடம் மெதுவாகத்தான் சொன்னார். "வடிவம் நல்லா இருக்கு. ஆனா இல்லாத ஒரு வாழ்க்கைய உண்மைன்னு எழுதி வைக்கிறது நேர்மையில்ல." அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நேர்மையில்லாத நான் பக்கத்திலேயே காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நீ அட்டையை எடுத்து நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். வீட்டுக்கு வந்து முக்காலியைக் கணினியிலிருந்து அழித்துவிட்டாய். என்னோடு சண்டை போடவில்லை. இரவு சாப்பாட்டுக்கு அப்பளம் கேட்டாய், அவ்வளவுதான். டிப்ளமோவில் சேர்ந்தாய், ஆறு ஏழு ஊர் அலைந்து, யார் தயவும் இல்லாமல் இன்று மரச்சாமான் வடிவமைக்கிற வேலைக்கு வந்துவிட்டாய். ஆனால் நீ செய்த எந்தப் பொருளுக்குக் கீழேயும் அதன் பிறகு ஒரு வரி எழுதியதில்லை என்று உன் நண்பன் சொன்னான். அந்தக் கையை முடக்கியது நான்.

போன் வந்த மறுநாளே நான் அந்தச் சென்டருக்குப் போனேன். சார் போய்விட்டார், இப்போது ஒரு சின்னப் பெண் நடத்துகிறாள். "ஆண்ட்டி, யாருக்கு அட்மிஷன்?" என்றாள். எனக்கு என்றதும் பின்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் நாள் நான் கனசதுரத்திலிருந்து செய்த நாற்காலியைப் பார்த்து ஒருவன், "ஆண்ட்டி, தராசு நல்லா இருக்கு" என்றான். மவுஸ் என்கிற அந்த எலியைப் பிடித்துப் பழகவே நான்கு நாள் ஆனது. திரையில் ஓரமாக ஒரு பட்டியல் வரும். எந்த உருவத்தில் தொடங்கினோம், எங்கே வெட்டினோம், எங்கே வளைத்தோம் என்று ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கும். அடியில் இருக்கிற வரியைத் தொட்டால் முதல் உருளை அப்படியே இருக்கும். நான் சுத்தமாகத் தெரியட்டும் என்று அந்தப் பட்டியலைச் சுருக்கப் போனேன். அந்தப் பெண் பதறிக் கையைப் பிடித்துவிட்டாள். "ஆண்ட்டி, அதச் சுருக்கிட்டா பாக்க ஒண்ணும் மாறாது. ஆனா இது எதுல இருந்து வந்துச்சுன்னு அதுக்கே தெரியாமப் போயிடும். திரும்பப் போகவே முடியாது." அன்று நான் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் முக்காலி முடிந்தது. மனதில் இருந்ததைப் பார்த்துத்தான் செய்தேன். மேலிருந்து பார்க்கிற படத்தை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு அச்சங்குளத்துக்குப் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "யாரப் பாக்கப் போறீக?" என்றாள். கண்டக்டருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "எங்க அக்காவ. பட்டாசு வேலை பாக்குறாக. நானும் சின்னதுல பாத்தேன்." இடி விழும் என்று முப்பது வருடம் பயந்த வாக்கியம். அந்தப் பெண், "அப்பிடியா, சீசன் எப்பிடி இருக்காம்?" என்றாள். கண்டக்டர், "கால உள்ள இழுத்துக்கோங்கம்மா, ஆளு ஏறணும்ல" என்றார். அவ்வளவுதான். இதற்காகவா உன்னைப் பொய்யனாக்கினேன்?

அக்கா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி, எட்டப் பிடித்து, விரலால் சுற்றிக்கொண்டே வந்தாள். மினுங்குகிற அந்த விரல் வெளிவட்டத்தில் ஓர் இடத்தில் நின்றது. "அடியே, பதினொண்ணுதான் இருக்கு. ஒண்ண எங்கன விட்ட?" முக்காலியின் காலை நீட்டும்போது தவறி ஒன்றை அழித்திருக்கிறேன். நான் பார்க்கவில்லை, அந்தச் சென்டர் பெண்ணும் பார்க்கவில்லை. "பி.எஸ்ஸி. படிச்சவ அடுக்குன லட்சணம்" என்று அக்கா சிரித்தாள். நான் அழுதேன். அவள் வெங்காயத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "இத உரி. அழுதாலும் வெங்காயம்னு சொல்லிக்கிடலாம்" என்றாள். அந்த மண்டபத்தில் நடந்ததை நான் சொல்லத் தொடங்கியபோது, "உங்க ஆபீசர் முன்னாடி நீ என்னத்தச் சொல்லுவ?" என்று எனக்காக அப்போதும் அவளே பேசினாள். நான் விடவில்லை. வாய் இருந்தது, நேரம் இருந்தது, சொல்லவில்லை என்று முழுதாகச் சொல்லி முடித்தேன். அவள் சிதறிக் கிடந்த வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். பிறகு, "எனக்கு ஒண்ணுமில்லடி. அந்தப் பய மொகந்தான்" என்றாள்.

மன்னிப்பாயா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அதுவும் எனக்காகச் செய்வதாகத்தான் இருக்கும். நீ கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் சொல்கிறேன். பெண் வீட்டில் கேட்டால் இப்படிச் சொல்: அவுக எங்க பெரியம்மா, எங்க அம்மாவோட கூடப்பிறந்த அக்கா, பட்டாசுத் தொழிலாளி, எங்க அம்மாவப் படிக்க வச்சவுக, எங்க அம்மாவும் அதே வேலை பாத்தவுகதான். அவர்கள் முகம் சுளித்தால் நீ சமாளிக்காதே, எனக்குப் போன் போடு, நான் பேசிக்கொள்கிறேன். அலுவலகத்தில் நேற்றே சொல்லிவிட்டேன். கல்யாணப் பத்திரிகையில் பெரியவர்கள் பெயரோடு அவர்கள் தொழிலையும் போடுகிற வழக்கம் இருக்கிறதே, அதில் அவள் பெயருக்குக் கீழே அவள் தொழிலும் இருக்கும். என் பெயருக்கு மேலே இருக்கும்.

விட்டுப்போன பன்னிரண்டாவது குழாயைச் சேர்த்துவிட்டேன். முக்காலிக் கோப்பைக் குறுந்தட்டில் பதிந்து இதோடு வைத்திருக்கிறேன். பட்டியலைச் சுருக்கவில்லை. அட்டை மட்டும் வைக்கவில்லை, அதை நீதான் எழுதவேண்டும்.

கல்யாணத்துக்கு அழைத்தபோது அக்கா உடனே சரி என்று சொல்லவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே என் முன்னால் நின்றாள். "வாரேன். முன்வரிசையிலதான் உக்காருவேன். ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேன்டி, இந்தத் தடவ சாமான் எதையும் தூக்கிட்டு வரமாட்டேன். வெறுங்கைய வீசிக்கிட்டுத்தான் வருவேன்."

உன் அம்மா